மீனாட்சியம்மை பாடிய மேடை எங்கள் பெண்களுக்கு வேண்டும்

1940 பெப்ரவரி 29ஆம் திகதி இரவு. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் அம்பாசடர் ஹோட்டலில் ஒஸ்கார் விருது விழா நடக்கிறது. 'கோன் வித் த விண்ட்' படத்தில் நடித்த ஹெட்டி மெக்டானியலின் பெயரை அழைக்கிறார்கள். ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். கூட நடித்த வெள்ளையர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்டிக்குச் சுவரோரமாக ஒரு தனி மேசை. கறுப்பினத்தவரை உள்ளே சேர்க்காத ஹோட்டல் அது. தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டதால்தான் அவரால் வாசலைத் தாண்ட முடிந்தது. விருதை வாங்கினார், கண்கலங்க நன்றி சொன்னார், திரும்பவும் அந்தத் தனி மேசைக்கே போனார்.

அதே 1940இல் இலங்கையில் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. பெயர் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. இயற்றியவர் மீனாட்சியம்மை. தோட்டத் தொழிலாளர் தலைவர் 'தேசபக்தன்' கோ. நடேசய்யரின் மனைவி, தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடிய பெண். தோட்டத்துச் சனங்களின் உரிமையைப் பாட்டாக்கி ஊரறியப் பாடிய முதல் பெண் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம்.

ஹெட்டியின் கதையை இன்று உலகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மீனாட்சியம்மை யார் என்று அட்டன் பஸ் நிலையத்தில் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. தோட்டப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லிக் கொடுக்காததை அவர்கள் எப்படி அறிவார்கள்? மீனாட்சியம்மையை நம் பிள்ளைகள் பாட வேண்டும். அவர் நின்ற இடத்தில் இன்றைய தோட்டத்துப் பெண் நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே வேலை என்று நம்புவதால் எழுதுகிறேன்.

ஹெட்டியின் அப்பா ஹென்றி அடிமையாகப் பிறந்தவர்; அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டவர். அம்மா சூசன் தேவாலயத்தில் பாடுகிறவர். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி ஹெட்டி. சின்ன வயதிலேயே நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார், ஆடினார். 1920களில் புளூஸ் பாட்டுகளை இசைத்தட்டிலும் பதிந்தார். 1929இல் பொருளாதாரம் சரிந்து நாடகக் குழுக்கள் படுத்துவிட்டன. அப்போது மில்வாக்கியில் ஓர் உல்லாச விடுதியின் கழிப்பறையில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். ஓர் இரவு அந்த விடுதி மேடையிலேயே பாடக் கிடைத்தது. கேட்டவர்கள் அவரை விடவில்லை. அங்கிருந்து ஹொலிவூட். அங்கேயும் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வேலைக்காரி வேடங்கள்தான். அப்படி நடிக்கலாமா என்று கறுப்பின இயக்கங்களே அவரைக் கண்டித்தன. இரண்டு பக்கத்து அடியையும் தாங்கிக்கொண்டு வேலை செய்தார்.

அவருடைய வாழ்க்கையில் நம் சனங்கள் முக்கியமாக அறிய வேண்டியது விருதுக்குப் பிறகு நடந்த ஒன்று. லொஸ் ஏஞ்சலிஸில் அவர் வாங்கிய வீடு இருந்த பகுதியில், கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று உறுதிகளில் எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளை அயலவர்கள் வழக்குப் போட்டார்கள். ஹெட்டி அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களைத் தன் வீட்டில் கூட்டி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு வழக்கை எதிர்கொண்டார். 1945 டிசம்பரில் வென்றார். உறுதி இல்லாத லயக் காம்பராவில் நான்கு தலைமுறை, ஐந்து தலைமுறை என்று குடியிருக்கும் நமக்கு இந்த வெற்றியின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாட்டுக்காரி ஒருத்தி சம்பாதித்த பெயர், ஒரு தெருவுக்கே வீட்டுரிமை வாங்கித் தந்தது.

இனி நம் பக்கம் வருவோம். தஞ்சாவூரில் 1887இல் பிறந்த நடேசய்யர் தோட்டத்துச் சனங்களின் நிலைமையைப் பார்க்க வந்த காலத்தில், தோட்டம் என்பது துரையின் தனிச் சொத்து. வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக் கொடுப்பார்கள். புடவை வியாபாரிபோல மூட்டையைச் சுமந்துகொண்டு அவர் லயங்களுக்குள் போன கதையை நம் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை வைத்து 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்று நாடகமும் எழுதினார்.

இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்றைய தோட்டத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பத்திரிகை லயத்துக்கு வந்தாலும் கங்காணிக்குத் தெரியாமல் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றிக் குந்திக் கேட்க வேண்டும். பெண்களுக்கு அதுவும் கிடையாது. விடியுமுன் தப்புச் சத்தத்துக்கு எழும்பி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு நின்று, மலைக்கு ஏறி, அந்திக் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு அரசியல் எந்த வழியாகப் போய்ச் சேரும்? காது வழியாகத்தான். மீனாட்சியம்மை பிடித்தது அந்த வழியை. நடேசய்யர் பேசும் கூட்டங்களில் அவர் பாடினார். பாரதியின் பாடல்களைத் தோட்டங்களில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு தானே பாட்டுக் கட்டினார், சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில். மெட்டு தெரிந்திருந்தால் பாட்டு ஒரே நாளில் மனப்பாடமாகிவிடும். மேட்டு லயத்தில் கேட்டது மறுநாள் பணிய லயத்தில் ஒலிக்கும். பாட்டை அத்துமீறல் என்று எந்தத் துரையாலும் பிடித்து அடைக்க முடியாது.

அவர் பாடிய காலம் எப்படிப்பட்டது? 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. சில ஆண்டுகளிலேயே, கிராமச் சபைத் தேர்தலில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று சட்டம் செய்தார்கள். 1939இல் அரசாங்க வேலையில் இருந்த இந்திய நாட்கூலிக்காரரை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நேரு வந்து பேசிப் பார்த்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிசார் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்விட்டார். இந்தச் சூட்டோடுதான் மீனாட்சியம்மையின் பாட்டுப் புத்தகம் வந்தது. சோர்ந்து கிடக்கும் சனங்களைப் பாட்டால் தட்டி எழுப்ப வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நாட்டை வளமாக்கியவர்களை நாட்டைவிட்டுத் துரத்தலாமா என்று கேட்டார். பயப்படாதீர்கள், ஒன்றுசேருங்கள் என்று சொன்னார். 'தேசபக்த'னில் கணவருக்குத் தோள்கொடுத்தார். பெண்களின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார்.

கடலுக்கு அக்கரையிலும் அப்போது இதுதான் நடந்துகொண்டிருந்தது. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் சிறுமியாகவே நாடகக் குழுவோடு கொழும்புக்கு வந்து பாடியவர். நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவர் சேர்ந்ததும் கொழும்பு நாடக மேடையில்தான். பிறகு காங்கிரஸ் மேடைகளில் பாடி விடுதலைப் போராட்டத்துக்கு ஆள் சேர்த்தார். பிற்காலத்தில் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினராகவும் போனார். பாட்டுக்காரப் பெண்ணைத் தமிழ்நாடு சட்டசபை வரை அனுப்பிப் பார்த்துவிட்டது. நாம் நம்முடைய பாட்டுக்காரியின் பெயரைக்கூடப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

1947 நவம்பரில் நடேசய்யர் காலமானார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்கும் போயிற்று, நாடும் போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரிந்துபோன அந்தக் காலத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்த யாருக்கு நேரமிருந்தது? அதனால் மீனாட்சியம்மை மறக்கப்பட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அந்த நியாயம் இல்லை. மலையக எழுத்தாளர் சாரல்நாடன் போன்றவர்கள் தோட்டம் தோட்டமாகவும் நூலகம் நூலகமாகவும் தேடி நடேசய்யரையும் மீனாட்சியம்மையையும் நமக்கு எழுத்தில் மீட்டுத் தந்துவிட்டார்கள். தேடுகிற பாடு அவர்களோடு முடிந்தது. பாடுகிற வேலை நம்முடையது.

குரலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலையக நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றில் எத்தனையோ பாட்டுகள் பெண்களின் வாயில் பிறந்தவை. தாலாட்டு, நடவுப் பாட்டு, கொழுந்துப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் அவர்கள் கட்டியவை. கட்டியவளின் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது.

அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு அம்மாயியிடம் பாட்டுக் கேட்கப் போயிருந்தேன். எனக்கு இஸ்தோப்பில் பலகையைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, தாலாட்டுச் சொன்னார், தெம்மாங்கு சொன்னார். ஒப்பாரி கேட்டதும் எழுந்துவிட்டார். "நல்லா இருக்கிற வீட்டுல அது சொல்லக் கூடாது டீச்சர். வாங்க, மலைக்குப் போவோம்" என்றார். லயத்துக்கு மேலே, கவ்வாத்து வெட்டிய மலையின் ஓரத்தில் ஒரு பாறை. அதில் குந்தி, முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு தொடங்கினார். செத்துப்போன யாருக்கும் பாடவில்லை. ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அண்ணனுக்குப் பாடினார். தலைமன்னாருக்குச் சனங்களை ஏற்றிப்போன ரயிலை நம் ஊரில் அழுகைக் கோச்சி என்பார்கள். அந்தக் கோச்சி நின்ற ஸ்டேசன்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு ஸ்டேசனிலும் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே போனார். அண்ணே, அம்மாவின் மூக்குத்தியை எடுத்துப் போனாயா. நட்டு வைத்த கறிவேப்பிலைக் கன்றுக்கு இனி யார் தண்ணி ஊற்றுவது. பதிவு வந்தால் கூப்பிடுவேன் என்றாயே, எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது. எழுத்து வாசிக்கத் தெரியாத பெண். ஓர் ஒப்பந்தம் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று அவரைவிடத் துலக்கமாகச் சொன்ன கட்டுரையை நான் படித்ததில்லை. முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை எல்லாம் யாரும்மா கேக்கப் போறா" என்றார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லையாம்.

இந்தக் குரல்களுக்கு மேடை எங்கே? முதலில், ஊர் நடுவே இருக்கும் மேடையைப் பாருங்கள். மாசி மாதம் காமன் பொட்டலில் காமன் நட்டதும் தோட்டமே விழித்துக்கொள்ளும். நம் கலைகளில் காமன் கூத்து எனக்கு உயிர். மன்மதன் எரிந்த பின் ரதி அழும் கட்டத்தில் தப்புச் சத்தம் தாழ்ந்து, கூட்டத்தில் இருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அந்த ரதி வேடத்தைக் கட்டுவது ஆண். வழிவழியாக அப்படித்தான். அவர்களின் கலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரதி கட்டும் கலைஞர்கள் விரதம் இருந்து வேடம் கட்டுகிறவர்கள். ஆனால் ஒப்பாரியைப் பிறந்த வீட்டுச் சீதனமாகக் கொண்டுவந்த பெண், தன்னுடைய அழுகையை ஆண் அழுவதைக் கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். அவளையும் பொட்டலுக்குள் அழைப்பதால் கூத்து வளருமே தவிரக் குறையாது. பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கப் பார்க்கும் கூத்து மாஸ்டர்களுக்கு ஊர்த் தலைவர்கள் துணை நிற்க வேண்டும்.

பாடசாலை மேடையிலும் பெண் பிள்ளைகள் முந்தி நிற்கிறார்கள், ஓர் எல்லை வரைக்கும். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு வில்லுப்பாட்டுப் பழக்கிய காலத்தில் ஒரு மாணவி இருந்தாள். கொழுந்தெடுக்கும் தாயின் மகள். அவள் தொடங்கினால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். பாடசாலை மட்டத்தில் வென்றாள், கோட்ட மட்டத்தில் வென்றாள். அடுத்த போட்டி தூரத்துப் பட்டணத்தில். ஒத்திகை முடிய இருட்டிவிடும். கடைசி பஸ் தோட்டத்துச் சந்தி வரைதான் வரும். சந்தியிலிருந்து லயத்துக்கு மலைப்பாதையில் நடை. தகப்பன், "பொம்பளப் பிள்ளைய இருட்டுல எப்படி டீச்சர் விடுறது?" என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. அந்தப் பாதையில் ஒரு லைட் கிடையாது. பிள்ளை போகவில்லை. அவளிடம் குரல் இருந்தது, ஆசை இருந்தது, தாயும் தகப்பனும் பெருமைப்பட்டார்கள். ஒரு வாகனமும் நான்கு லைட் கம்பங்களும் இல்லாததால் ஒரு பாட்டுக்காரி பாதி வழியில் நின்றாள். பண்பாடு தடுக்கிறது, பெற்றோர் தடுக்கிறார்கள் என்று சும்மா பேசுகிறவர்கள் அந்தப் பாதையில் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

மூன்றாவது மேடை தொழிற்சங்க மேடை. நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். ரோட்டில் உட்கார்ந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். படங்கோடும் கூடையோடும் மழையில் உட்கார்ந்தார்கள். ஒப்பாரி வைத்தார்கள், தங்கள் கோபத்தை அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டினார்கள். மைக் பெரும்பாலும் ஆண் தலைவர்கள் கையில் இருந்தது. தொலைக்காட்சி கொழுந்துக் கூடையைப் படம் பிடித்தது, தலைவரின் பேச்சை ஒலிபரப்பியது. 1930களில் தொழிலாளர் மேடையில் ஒரு பெண்ணின் குரல் முன்னால் நின்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதிலிருந்து நாம் பின்னுக்குப் போயிருக்கிறோம். இதை நம் சங்கங்கள் வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டும்.

சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் வழியைப் பார்க்காமல் இப்போது பாட்டு ஒரு கேடா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் நடேசய்யருக்கு அந்த அவசரம் இல்லையா? சம்பளம், பற்றுச்சீட்டு, வாக்குரிமை என்று போராடிய மனிதர், பத்திரிகையும் நாடகமும் பாட்டும் வேண்டும் என்று ஏன் நினைத்தார்? தன் வாயால் தன் குறையைச் சொல்லத் தெரிந்த சனத்தை ஏமாற்றுவது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். வேறொருவர் நமக்காகப் பேசிக்கொண்டே இருந்தால், பேரமும் அவர் கையில்தான் இருக்கும். ஹெட்டியின் கதையும் இதைத்தான் சொல்கிறது. மேடையில் நிற்கத் தெரிந்த பெண்ணுக்கு நீதிமன்றத்திலும் நிற்கத் தெரிந்தது.

ஹெட்டி 1952இல் இறந்தார். ஹொலிவூட் மயானத்தில் அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். 1999இல் அதே மயானத்தில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அவர் ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஒஸ்கார் விருது எங்கேயோ தொலைந்துபோனது. 2023இல் ஒஸ்கார் அமைப்பு அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. அவர் பட்ட அவமானத்துக்கு இது ஈடாகாது. ஆனாலும் தொலைந்ததைத் தொலைந்தது என்று ஒத்துக்கொண்டு, திரும்பச் செய்து, உரிய இடத்தில் வைத்தார்கள்.

அதே 2023இல், நம் முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை மலையகம் 200 என்று கொண்டாடினோம். முன்னோர் நடந்த தடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கால் கொப்பளித்து நடந்த அந்தப் பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த உணர்ச்சி அடங்குமுன் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. எதுவும் பெரிய செலவில்லை.

முதலில், மீனாட்சியம்மையின் பாட்டுப் புத்தகத்தை விளக்கக் குறிப்புகளோடு மலிவு விலையில் மறுபதிப்புச் செய்து, மலையகத்தின் ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலைக்கும் கொடுக்க வேண்டும். வசதியுள்ள தொழிற்சங்கங்கள் மே தின மேடை அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கே இதற்குப் போதும். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு பாடம் வர வேண்டும். நுவரெலியா மாவட்டத்துக்கு மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் படிக்க.

அடுத்தது, தோட்டங்களில் இன்னும் இருக்கும் அம்மாயிகளின், அப்பாயிகளின் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நூலகம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. கல்வியியற் கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு தோட்டத்தை எடுத்தால் ஓராண்டில் பெரிய சேகரம் வந்துவிடும். பாடியவரின் சம்மதத்தோடு அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பாட்டோடு எழுத வேண்டும். இனி ஒரு பாட்டும் அனாதையாக அச்சேறக் கூடாது.

மூன்றாவதாக, போட்டிக்கும் ஒத்திகைக்கும் போகும் பெண் பிள்ளைகளுக்கு வாகனமும் கூடவே போக ஓர் ஆசிரியையும் ஏற்பாடு செய்வதை வலயக் கல்விப் பணிமனைகள் கடமையாக எடுக்க வேண்டும். தோட்டச் சந்தியிலிருந்து லயம் வரைக்கும் லைட் போடுவது பிரதேச சபையின் வேலை. கேட்டு வாங்குவது நம் வேலை.

கடைசியாக, சங்கத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மே தினத்தில் தலைவர் பேசுமுன் ஒரு தோட்டத்துப் பெண் பாடட்டும். அவள் கட்டிய பாட்டு, அவள் குரலில். பாடி முடித்ததும் மாலையைப் போட்டு, கீழே அனுப்பி, திரும்பக் கூட்டத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள். அம்பாசடர் ஹோட்டலில் செய்தது அதைத்தான். மேடையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். சம்பளப் பேச்சுக்குப் போகும்போது அந்த மேசையிலும் ஒரு நாற்காலி போடுங்கள். கொழுந்தின் நிறையும் கூடையின் பாரமும் அவளுக்குத்தான் தெரியும். சம்பளத்தைப் பற்றி அவளே பேசட்டும்.